மதுரை வட்டார உயர்கல்வி – 9: மலையடிவாரத்தில் கணினி அறிவியல்

மதுரையைச் சுற்றியுள்ள சமவெளியில் கணினி அறிவியலைக் கற்பிக்கும் தனியார் ஆராய்ச்சிப் பல்கலைக்கழகங்களுக்கு எடுத்துக்காட்டு, விருதுநகர் மாவட்டம் கிருஷ்ணன்கோவிலில் உள்ள கலசலிங்கம் அகாடமி ஆஃப் ரிசர்ச் அண்ட் எஜுகேஷன். வட்டார மக்களின் பேச்சில் அது இன்றும் ‘கலசலிங்கம்’தான். திருமங்கலத்தில் பிரியும் கொல்லம் நெடுஞ்சாலையில் டி.கல்லுப்பட்டியைத் தாண்டிச் சென்றால், ஸ்ரீவில்லிபுத்தூருக்கு முன்பாக, வத்திராயிருப்புச் சாலை பிரியும் இடத்தில் கிருஷ்ணன்கோவில் வருகிறது. மேற்கே மேற்குத் தொடர்ச்சி மலை. கிழக்கே சிவகாசி, விருதுநகர் வரை விரியும் வானம் பார்த்த பூமி. பெருநகரம் எதுவும் பக்கத்தில் இல்லாத இந்த இடத்தில் கணினி அறிவியல் எப்படிக் கற்பிக்கப்படுகிறது, ஆராய்ச்சி என்று அங்கே எது நடக்கிறது, அதில் பி.டெக். மாணவருக்குப் பங்கு உண்டா என்பவை இப்பகுதியின் பொருள்.

கல்லூரியிலிருந்து பல்கலைக்கழகம் வரை

மதுரை வட்டாரத்தில் பொறியியல் கல்வி தொடங்கியது கருமுத்து தியாகராசர் 1957இல் நிறுவிய தியாகராசர் பொறியியல் கல்லூரியோடு. திருப்பரங்குன்றத்தில் உள்ள அது அரசு உதவி பெறும் கல்லூரி. 1966இல் மதுரைப் பல்கலைக்கழகம் உருவானது. 1978இல் அதற்குக் காமராசர் பெயர் சேர்ந்தது. வட்டாரப் பொறியியல் கல்லூரிகள் அதன் இணைப்புக் கல்லூரிகளாகவே நெடுங்காலம் இருந்தன.

பெரிய திருப்பம் 1984இல் வந்தது. எம்.ஜி.ஆர். தலைமையிலான அரசு, அரசு உதவி இல்லாத சுயநிதிப் பொறியியல் கல்லூரிகளுக்கு அனுமதி அளித்தது. வேலூர், தஞ்சாவூர், பெருந்துறை, திண்டுக்கல் எனப் பல ஊர்களில் அந்த ஆண்டில் கல்லூரிகள் முளைத்தன. சிவகாசியில் மெப்கோ ஷ்லெங்க் கல்லூரியும் கிருஷ்ணன்கோவிலில் அருள்மிகு கலசலிங்கம் பொறியியல் கல்லூரியும் அதே 1984ஐச் சேர்ந்தவை. பின்னதை நிறுவியவர் ‘கல்வி வள்ளல்’ என்று வட்டாரத்தில் அழைக்கப்படும் தி.கலசலிங்கம். 2001இல் மாநிலத்தின் பொறியியல் கல்லூரிகள் அனைத்தும் அண்ணா பல்கலைக்கழகத்தின் குடைக்கீழ் கொண்டுவரப்பட்டன. கலசலிங்கம் அதிலிருந்து விலகி, 2006இல் நிகர்நிலைப் பல்கலைக்கழகமானது.

நிகர்நிலைத் தகுதி என்பது 1956ஆம் ஆண்டின் பல்கலைக்கழக மானியக் குழுச் சட்டத்தின் 3ஆம் பிரிவின்படி மத்திய அரசு அளிப்பது. இந்தியாவில் அதை முதலில் பெற்றவற்றுள் பெங்களூர் இந்திய அறிவியல் கழகம் ஒன்று; ஆண்டு 1958. மதுரைக்கு அருகில் காந்திகிராம கிராமியப் பல்கலைக்கழகம் 1976இல் பெற்றது. தொடக்கத்தில் ஆராய்ச்சியில் சிறந்த பொது நிறுவனங்களுக்கே கிடைத்துவந்த தகுதி, 2000க்குப் பிறகு தனியார் பொறியியல், மருத்துவக் கல்லூரிகளுக்கும் பெருமளவில் கிடைத்தது. 2009இல் மத்திய அரசு அமைத்த டாண்டன் குழு, 44 நிகர்நிலை நிறுவனங்கள் அத்தகுதிக்கு ஏற்றவை அல்ல என்று அறிக்கை தர, வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 2017 நவம்பரில் வேறொரு வழக்கில் உச்ச நீதிமன்றம், நிகர்நிலை நிறுவனங்கள் தம் பெயரில் ‘யுனிவர்சிட்டி’ என்று போட்டுக்கொள்ளக் கூடாது என்று உத்தரவிட்டது. கலசலிங்கத்தின் பெயர்ப் பலகையில் ‘அகாடமி’ நிற்பதற்கு இதுவே காரணம்.

பெயர் எப்படி இருந்தாலும், நிகர்நிலைத் தகுதி மூன்று அதிகாரங்களைத் தருகிறது: பாடத்திட்டத்தைத் தானே வகுப்பது, தேர்வைத் தானே நடத்துவது, பட்டத்தைத் தானே வழங்குவது. அண்ணா பல்கலைக்கழகத்தின் இணைப்புக் கல்லூரிக்கு இம்மூன்றும் இல்லை. தியாகராசர் கல்லூரியைப் போன்ற தன்னாட்சிக் கல்லூரிக்கு முதல் இரண்டு உண்டு. பட்டம் அண்ணா பல்கலைக்கழகத்தினுடையது. பாடம் நடத்துபவரே வினாத்தாள் எடுத்து, அவரே விடைத்தாளும் திருத்தும் ஏற்பாட்டில் சுதந்திரம் எவ்வளவு உண்டோ அவ்வளவு பொறுப்பும் உண்டு. வினாத்தாள் இளகினால் வெளியிலிருந்து தட்டிக்கேட்பவர் இல்லை. நிகர்நிலை நிறுவனத்தின் தரம் அதன் பாடத்திட்டக் குழுவும் கல்விக் குழுவும் எவ்வளவு கண்டிப்பாக நடந்துகொள்கின்றன என்பதைப் பொறுத்தது.

உள்ளே நுழையும் வழி

தமிழ்நாட்டில் பொறியியல் நுழைவுத் தேர்வு 2006ஆம் ஆண்டுச் சட்டத்தால் நீக்கப்பட்டது. அதன்பின் இணைப்புக் கல்லூரிகளின் அரசு ஒதுக்கீட்டு இடங்கள் பிளஸ் டூ மதிப்பெண்ணை வைத்து நிரம்புகின்றன. கணிதத்துக்கு 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50 என 200க்குக் கணக்கிடும் கட்-ஆஃப் அடிப்படையில் ஒற்றைச் சாளரக் கலந்தாய்வு நடக்கிறது. மக்கள் ‘கவுன்சலிங்’ என்பது இதைத்தான். நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள் இந்தச் சாளரத்துக்கு வெளியே நிற்கின்றன. தாமே நுழைவுத் தேர்வு வைத்தோ பிளஸ் டூ மதிப்பெண்ணைப் பார்த்தோ மாணவரைச் சேர்த்துக்கொள்கின்றன.

இந்த வேறுபாடு குடும்பத்தின் கையிருப்பை நேரடியாகத் தொடுகிறது. குடும்பத்தில் முதல் பட்டதாரியாக வருபவருக்கான கல்விக் கட்டணச் சலுகை கலந்தாய்வு வழியாகச் சேர்பவர்களுக்கே கிடைக்கிறது. அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 2021ஆம் ஆண்டுச் சட்டம் தந்த 7.5 சதவீத இடங்களும், அந்த இடங்களில் சேர்பவர்களின் கட்டணத்தை அரசே ஏற்கும் ஏற்பாடும் கலந்தாய்வோடு சேர்ந்தவை. இணைப்புக் கல்லூரியின் கட்டணத்தை மாநிலக் கட்டண நிர்ணயக் குழு வரையறுக்கிறது. நிகர்நிலை நிறுவனம் தன் கட்டணத்தைத் தானே வகுக்கிறது. மதிப்பெண்ணுக்கு ஏற்ற கட்டணத் தள்ளுபடியையும் தானே அறிவிக்கிறது. அந்தத் தள்ளுபடி நான்கு ஆண்டும் தொடருமா, இடையில் ஒரு அரியர் விழுந்தால் நின்றுவிடுமா என்பதைச் சேரும் முன்பே எழுத்தில் வாங்கிவைப்பது நல்லது.

கல்விக் கடனில் 2024 நவம்பரில் மத்திய அரசு அறிவித்த பி.எம். வித்யாலட்சுமித் திட்டம் குறிப்பிடத்தக்கது. தேசியத் தரவரிசையில் முன்னிற்கும் நிறுவனங்களில் (தொடக்கப் பட்டியலில் 860) சேர்பவர்களுக்குச் சொத்துப் பிணையோ மூன்றாம் நபர் ஜாமீனோ இல்லாமல் கடன் கிடைக்க அது வழிசெய்கிறது. ஆண்டு வருமானம் 8 லட்சம் ரூபாய்க்குள் உள்ள குடும்பத்துக்கு, 10 லட்சம் வரையிலான கடனில், படிக்கும் காலத்துக்கும் அதற்குப் பின்னான சலுகைக் காலத்துக்கும் 3 சதவீத வட்டி மானியம் உண்டு. கட்டணம் கட்டும் முன் சேரப்போகும் நிறுவனம் அந்தப் பட்டியலில் இருக்கிறதா என்று வங்கியில் விசாரித்துக்கொள்ள வேண்டும்.

நான்கு ஆண்டுப் படிப்பு

அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழு 2018இல் வெளியிட்ட மாதிரிப் பாடத்திட்டம் பி.டெக். பட்டத்துக்கு 160 கிரெடிட் என்று வரையறுத்தது. வாரத்துக்கு ஒரு மணி நேர வகுப்பு ஒரு கிரெடிட். ஆய்வகமானால் இரண்டு மணி நேரம் ஒரு கிரெடிட். கூடுதலாக 18 முதல் 20 கிரெடிட் படித்தால் ‘ஹானர்ஸ்’ அல்லது ‘மைனர்’ சேர்ந்த பட்டம் கிடைக்கும். நிகர்நிலை நிறுவனங்கள் எண்ணிக்கையை முன்னே பின்னே மாற்றிக்கொண்டாலும் எலும்புக்கூடு இதுவே.

முதல் ஆண்டில் வகை நுண்கணிதம், நேரியல் இயற்கணிதம், இயற்பியல், நிரலாக்க மொழி ஒன்று. இரண்டாம் ஆண்டில் தரவுக் கட்டமைப்பு, தனிநிலைக் கணிதம், எண்ணிமத் தர்க்கச் சுற்றுகள், கணினியின் உள்ளமைப்பு. மூன்றாம் ஆண்டில் இயங்குதளம், தரவுத்தளம், கணினி வலையமைப்பு, படிநிரல் வடிவமைப்பு, கணிப்பியல் கோட்பாடு, கம்பைலர். நான்காம் ஆண்டில் விருப்பப் பாடங்களும் புராஜெக்டும். செயற்கை நுண்ணறிவு, தரவு அறிவியல், சைபர் பாதுகாப்பு என்று கிளைப் பெயர்கள் இப்போது பல வந்துவிட்டன. எந்தக் கிளையானாலும் இரண்டாம், மூன்றாம் ஆண்டுப் பாடங்களே அடித்தளம். அவற்றில் நின்றவர் புதிய கருவி எது வந்தாலும் சில வாரங்களில் பிடித்துக்கொள்வார். அவற்றை ‘பாஸானால் போதும்’ என்று கடந்தவருக்கு ஒவ்வொரு புதிய கருவியும் புதிய அச்சம்.

முதலாண்டு ஆய்வகத்தில் செய்துபார்க்கத்தக்க சிறு சோதனை ஒன்று இதைக் காட்டும். ‘மதுரை’ என்ற சொல்லில் எத்தனை எழுத்து? ஒன்றாம் வகுப்புக் குழந்தை மூன்று என்னும். பைத்தான் மொழியில் நீளம் கேட்டால் 5 என்று விடை வரும். சி மொழியின் வழக்கமான நீளக் கணக்கோ 15 என்னும். மூன்றும் சரியான விடைகளே. யூனிகோடு முறையில் ‘ம’ ஒரு குறியீடு, ‘து’ என்பது ‘த’வும் உகரக் குறியும் சேர்ந்த இரண்டு, ‘ரை’ என்பது ‘ர’வும் ஐகாரக் குறியும் சேர்ந்த இரண்டு, ஆக 5. கோப்பில் சேமிக்கும் யூ.டி.எஃப்-8 முறையில் தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் 3 பைட் பிடிக்கும், ஆக 15. மாணவர் தம் பெயரைத் தமிழில் உள்ளிட்டு, அதை எழுத்தெழுத்தாகப் பின்னிருந்து முன்னாக அச்சிடும் நிரலை எழுதட்டும். குறிகள் எழுத்தைவிட்டுப் பிரிந்து சிதறுவது திரையில் தெரியும். அதைச் சரிசெய்ய முயலும்போது, மனிதருக்கு எழுத்தாக இருப்பதும் கணினிக்குக் குறியீடாக இருப்பதும் நினைவகத்தில் பைட்டாக இருப்பதும் வெவ்வேறு அடுக்குகள் என்பது பிடிபடும். தரவுக் கட்டமைப்புப் பாடத்தின் வாசல் அதுதான்.

பதினாறு தெருக்களும் நான்கு நிலையங்களும்

கிருஷ்ணன்கோவில் வளாகம் ஆராய்ச்சி உலகில் அறியப்பட்டதற்கு முதன்மைக் காரணம் தனிநிலைக் கணிதம். மத்திய அரசின் அறிவியல் தொழில்நுட்பத் துறை, தனிநிலைக் கணித உயராய்வுக்கான தேசிய மையத்தை இங்கே அமைத்தது. 2004இல் தொடங்கிய ‘ஏ.கே.சி.இ. இன்டர்நேஷனல் ஜர்னல் ஆஃப் கிராஃப்ஸ் அண்ட் காம்பினடாரிக்ஸ்’ என்ற ஆய்விதழ் இங்கிருந்து வருகிறது. பெயரின் முதல் நான்கு எழுத்துகளும் பழைய கல்லூரியின் ஆங்கிலப் பெயர்ச் சுருக்கம். கோட்டுருவியல் அறிஞர் எஸ்.ஆறுமுகம் இந்த மையத்துக்கும் இதழுக்கும் தூணாக இருந்தவர். இன்று டெய்லர் அண்ட் ஃபிரான்சிஸ் பதிப்பகம் வெளியிடும் இவ்விதழை இணையத்தில் எவரும் கட்டணமின்றிப் படிக்கலாம். உலகின் பல மூலைகளிலிருந்து கணித அறிஞர்கள் கட்டுரை அனுப்பும் இதழின் முகவரி ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் பக்கத்து ஊர் என்பது இந்த வட்டாரம் பெருமைப்பட வேண்டிய செய்தி.

கோட்டுருவியல் எதை ஆராய்கிறது? புள்ளிகளையும் அவற்றை இணைக்கும் கோடுகளையும். புள்ளிகள் ஊர்களாகலாம், கணினிகளாகலாம், மனிதர்களாகலாம். அதன் கிளைகளில் ஒன்று ‘ஆதிக்கம்’ எனப்படும் கேள்வி: எல்லாப் புள்ளிகளையும் கண்காணிக்கக் குறைந்தது எத்தனை புள்ளிகளில் காவல் வைக்க வேண்டும்?

மதுரை நகரமே இதற்கு நல்ல பாடம். மீனாட்சி அம்மன் கோவிலைச் சுற்றிச் சித்திரை வீதி, ஆவணி மூல வீதி, மாசி வீதி, வெளி வீதி என்று நான்கு சுற்றுகள். ஒவ்வொரு சுற்றிலும் கிழக்கு, தெற்கு, மேற்கு, வடக்கு என நான்கு வீதிகள். மொத்தம் 16. வகுப்பறைக்காகக் கொஞ்சம் எளிமைப்படுத்தி, இரண்டு விதிகள் வைத்துக்கொள்ளலாம். ஒரே சுற்றில் மூலையில் சந்திக்கும் வீதிகள் அண்டை வீதிகள். ஒரே திசையில் அடுத்தடுத்த சுற்றில் உள்ள வீதிகளும் அண்டை வீதிகள். திருவிழாக் காலத்தில் சில வீதிகளில் முதலுதவி நிலையம் வைக்க வேண்டும். ஒவ்வொரு வீதியிலும் நிலையம் இருக்க வேண்டும், அல்லது அண்டை வீதியிலாவது இருக்க வேண்டும். குறைந்தது எத்தனை நிலையங்கள் தேவை?

நான்கு போதும். தெற்குச் சித்திரை, வடக்கு ஆவணி மூலம், கிழக்கு மாசி, மேற்கு வெளி ஆகிய வீதிகளில் வைத்துப் பார்க்கலாம். தெற்குச் சித்திரை நிலையம் தன் வீதியோடு கிழக்குச் சித்திரை, மேற்குச் சித்திரை, தெற்கு ஆவணி மூல வீதிகளைக் கவனிக்கும். வடக்கு ஆவணி மூல நிலையம் தன் வீதி, வடக்குச் சித்திரை, வடக்கு மாசி, கிழக்கு, மேற்கு ஆவணி மூல வீதிகள் ஐந்தையும் கவனிக்கும். கிழக்கு மாசி நிலையத்தின் பார்வையில் கிழக்கு ஆவணி மூலம், கிழக்கு வெளி, தெற்கு மாசி, வடக்கு மாசி வருகின்றன. மேற்கு வெளி நிலையம் மேற்கு மாசி, தெற்கு வெளி, வடக்கு வெளி வீதிகளைப் பார்த்துக்கொள்ளும். தாளில் படம் போட்டு எண்ணினால் 16 வீதிகளும் அடங்கிவிடும்.

மூன்று நிலையங்களால் முடியுமா? முடியாது, அதற்கு நிரூபணம் உண்டு. சித்திரை, வெளி வீதிகளுக்கு மூன்று அண்டை வீதிகள். நடுவில் உள்ள ஆவணி மூல, மாசி வீதிகளுக்கு நான்கு. ஆகவே ஒரு நிலையம் தன் வீதியையும் சேர்த்து அதிகபட்சம் 5 வீதிகளைக் கவனிக்கும். மூன்று நிலையங்கள் சேர்ந்தாலும் 15ஐத் தாண்டாது. வீதிகளோ 16. எங்கே வைத்தாலும் ஒன்று விடுபடும். எத்தனை முறை முயன்று பார்த்தாலும் கிடைக்காத உறுதியை இரண்டு வரி நிரூபணம் தந்துவிடுகிறது. கணினி அறிவியலை வெறும் நிரல் எழுதும் வேலையிலிருந்து பிரித்துக்காட்டுவது இந்த உறுதியே.

அடுத்து கணினியின் பங்கு வருகிறது. 16 வீதிகளில் நிலையம் வைக்கக்கூடிய எல்லா வழிகளையும் சோதித்தால் 65,536 வழிகள். கணினிக்கு இது கண்ணிமைக்கும் வேலை. வீதிகள் 100 ஆனால் வழிகளின் எண்ணிக்கை 31 இலக்க எண். உலகின் எந்தக் கணினியும் அத்தனையையும் சோதித்து முடிக்காது. குறுக்குவழி உண்டா? எல்லா வகைக் கோட்டுருவுக்கும் பொருந்தும் விரைவான வழி இதுவரை எவருக்கும் அகப்படவில்லை. 1971இல் ஸ்டீபன் குக் வகுத்த, ‘என்.பி. முழுமை’ எனப்படும் கடினச் சிக்கல்களின் குடும்பத்தில் இந்தக் கேள்வியும் அடங்கும். அந்தக் குடும்பத்தில் ஏதேனும் ஒன்றுக்கு விரைவான தீர்வு கண்டாலோ, அப்படியொன்று இருக்கவே முடியாது என்று நிரூபித்தாலோ, கிளே கணித நிறுவனம் 2000இல் அறிவித்த பத்து லட்சம் டாலர் பரிசு காத்திருக்கிறது. எனவே ஆய்வாளர்கள் குறிப்பிட்ட வகைக் கோட்டுருக்களுக்குத் துல்லியமான விடையையும், மற்றவற்றுக்குத் தோராயமாக நெருங்கும் வழியையும் தேடுகிறார்கள்.

இது தாளோடு நிற்கும் கணக்கு அல்ல. வயலில் ஈரப்பதம் அளக்கும் நூறு உணரிகளைப் பதித்து, எல்லாமே தகவலைக் கடத்திக்கொண்டிருந்தால் மின்கலம் சீக்கிரம் தீரும். சிலவற்றை மட்டும் கடத்திகளாகத் தேர்ந்தால் போதும். எவற்றை என்பதே ஆதிக்கக் கேள்வி. தொழில்நுட்பத் தகவல், முன்கணிப்பு, மதிப்பீட்டுக் குழுவான டைஃபாக், ‘மிஷன் ரீச்’ திட்டத்தில் கல்வி நிறுவனங்களில் சிறப்பு மையங்களை அமைத்தபோது, இந்த வட்டாரத்துக்கு இரண்டு கிடைத்தன. தியாகராசர் கல்லூரிக்குக் கம்பியில்லாத் தொழில்நுட்பம். கலசலிங்கத்துக்கு வலையமைப்புப் பொறியியல். ஒரே வளாகத்தில் கோட்டுருவியல் மையமும் வலையமைப்பு மையமும் அமைந்ததில் பொருத்தம் இருக்கிறது. ஒன்று கணிதம் தருகிறது, மற்றொன்று அதற்கு வேலை தருகிறது.

ஆராய்ச்சியில் மாணவருக்கு உள்ள இடம்

ஆராய்ச்சிப் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சியின் முறையான வாசல் பிஎச்.டி. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022ஆம் ஆண்டு விதிமுறைப்படி அதற்குக் குறைந்தது மூன்று ஆண்டு; அதிகபட்சம் ஆறு ஆண்டு. நான்காண்டு இளநிலைப் பட்டத்தில் 75 சதவீதம் பெற்றவர் முதுநிலைப் படிப்பு இல்லாமலே நேரடியாகச் சேரலாம். மத்திய அரசின் ஆய்வுத் திட்டங்களில் இளநிலை ஆய்வாளருக்கு 2023 ஜனவரியிலிருந்து மாதம் 37,000 ரூபாய் உதவித்தொகை. இவை எல்லாம் பி.டெக். முடித்த பிறகு. படிக்கும்போதே ஆராய்ச்சியைத் தொட வழி உண்டா என்பது பெரும்பாலான மாணவர்களும் பெற்றோரும் கேட்காத கேள்வி. தனியார் ஆராய்ச்சிப் பல்கலைக்கழகத்துக்குக் கூடுதல் கட்டணம் கட்டுபவர்கள் முதலில் கேட்க வேண்டிய கேள்வியும் இதுதான்.

வழி உண்டு. விருப்பப் பாடம் தேர்வதில் தொடங்குகிறது. ஆய்வில் ஈடுபட்ட பேராசிரியர் நடத்தும் பாடத்தைத் தேர்ந்து, அவர் எழுதிய கட்டுரைகளில் ஒன்றையாவது படித்துவிட்டு அவர் அறைக்குப் போகும் மாணவரை எந்தப் பேராசிரியரும் திருப்பி அனுப்புவதில்லை. கட்டுரை முழுவதும் புரிய வேண்டியதில்லை. எந்த வரியில் நின்றுபோனோம் என்று சொல்லத் தெரிந்தால் போதும். அடுத்தது, மூத்த பிஎச்.டி. ஆய்வாளருக்குத் துணையாக ஒரு விடுமுறைக் காலம். சோதனைத் தரவைத் திரட்டுவது, ஏற்கெனவே வெளிவந்த முடிவு ஒன்றை மறுபடி செய்துபார்ப்பது போன்ற வேலைகள் சிறியவையாகத் தோன்றும். ஆனால் ஒரு முடிவை நம்பலாமா, கூடாதா என்று சோதிக்கும் பழக்கம் அங்கேதான் கைவருகிறது.

மூன்றாவது, இறுதியாண்டுப் புராஜெக்ட். ஊர் ஊராகப் புராஜெக்ட் சென்டர்கள் இருக்கின்றன. பணம் கட்டினால் தலைப்பு, நிரல், அறிக்கை, வைவாவில் கேட்கப்படும் கேள்விகளுக்கு விடை எல்லாம் கிடைக்கும். இதைக் கண்டும் காணாமல் விடும் துறை, தன் மாணவருக்குக் கிடைக்க வேண்டிய ஒரே நீண்ட ஆய்வு அனுபவத்தை விற்றுவிடுகிறது. நேர்மையான வழிகாட்டி முதல் ரிவ்யூவிலேயே தலைப்பைச் சுருக்கிவிடுவார். ‘செயற்கை நுண்ணறிவால் விவசாயத்தை மேம்படுத்துதல்’ என்பது தலைப்பாகாது. ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரத்தில் எடுத்த இலைப் படங்களை வைத்து ஒரே ஒரு பயிரின் ஒரே ஒரு நோயை எத்தனை சதவீதம் சரியாக அடையாளம் காண முடிகிறது, எங்கே தவறுகிறது, ஏன் தவறுகிறது என்பது தலைப்பாகும். தவறிய இடங்களின் பட்டியலே அந்தப் புராஜெக்டின் உயிர்.

ஆராய்ச்சியின் பெயரால் நடக்கும் இன்னொரு கேடும் உண்டு. மத்திய அரசின் தேசியத் தரவரிசை 2016 முதல் வெளிவருகிறது. அதில் கற்பித்தல் வளங்களுக்கு 30 சதவீதம், ஆராய்ச்சிக்கு 30 சதவீதம், தேர்ச்சி, வேலை போன்ற விளைவுகளுக்கு 20, எல்லோரையும் உள்ளடக்கும் தன்மைக்கு 10, நிறுவனத்தைப் பற்றிய பொதுக் கருத்துக்கு 10. ஆராய்ச்சிப் பங்கில் கட்டுரைகளின் எண்ணிக்கைக்கு இடம் இருப்பதால் எங்கும் எண்ணிக்கை வேட்டை தொடங்கிவிட்டது. பணம் வாங்கிக்கொண்டு எதையும் அச்சிடும் போலி இதழ்களைத் தடுக்க மானியக் குழு 2018இல் கொண்டுவந்த ‘கேர்’ பட்டியலும் 2025இல் கைவிடப்பட்டது. நல்ல இதழைப் பிரித்தறியும் பொறுப்பு இப்போது ஒவ்வொரு நிறுவனத்தையும் சேர்ந்தது. மாணவர் பெயரும் சேர்ந்து வெளிவரும் கட்டுரை எந்த இதழில் வருகிறது, அதை மதிப்பிட்டவர் என்ன திருத்தம் சொன்னார் என்று கேட்கும் உரிமை அந்த மாணவருக்கு உண்டு.

வகுப்பறைக்குள் வருபவர்கள்

தமிழ் வழியில் பிளஸ் டூ முடித்து வருபவருக்கு முதல் செமஸ்டர் கடினமானது. பாடம் தெரியாததால் அல்ல. ஏற்கெனவே தெரிந்த கணிதம் வேறு மொழியில் வருவதால். அண்ணா பல்கலைக்கழகம் 2010இல் தமிழ் வழிப் பொறியியலைக் கட்டுமானம், இயந்திரவியல் பிரிவுகளில் தொடங்கியது; கணினிப் பிரிவு அதில் இல்லை. இந்த இடைவெளியை நிரப்புவது ஆசிரியரின் கையில் இருக்கிறது. கருத்தைத் தமிழில் விளக்கி, கலைச்சொல்லை ஆங்கிலத்தில் கொடுத்து, நிரலைப் பலகையில் வரிவரியாக நடத்திக்காட்டும் ஆசிரியரின் வகுப்பில் ஒரு செமஸ்டருக்குள் இந்த வேறுபாடு மறையத் தொடங்கும்.

கலசலிங்கம் இதைவிடக் கடினமான ஒன்றைச் செய்துகாட்டியிருக்கிறது. செவித்திறனும் பேச்சுத்திறனும் குறைந்த மாணவர்களுக்கென்றே கணினிப் பொறியியலில் தனி பி.டெக். வகுப்பை நடத்திவந்திருக்கிறது. இத்தகைய வகுப்பில் சைகை மொழி தெரிந்தவர் ஆசிரியருடன் நிற்க வேண்டும். ஆசிரியர் பலகையைப் பார்த்துக்கொண்டே பேச முடியாது. மாணவரின் கண்கள் ஒரே நேரத்தில் சைகையையும் நிரலையும் பார்க்க முடியாது. எனவே எழுதி, நிறுத்தி, விளக்கி, மறுபடி எழுதும் நிதானம் வேண்டும். கணினி அறிவியல் இந்த நிதானத்துக்கு ஏற்ற பாடம். நிரல் கண்ணால் படிப்பது. பிழை திரையில் எழுத்தாகத் தெரிவது. செவி கேட்காத மாணவருக்கு ஏற்றபடி அமைத்த வகுப்பு, கேட்கும் மாணவருக்கும் தெளிவான வகுப்பாகவே இருக்கும்.

பட்டத்துக்குப் பின்

பிளேஸ்மெண்ட் பேச்சு இல்லாமல் இந்தத் துறையைப் பற்றிய உரையாடல் எந்த வீட்டிலும் முடிவதில்லை. மென்பொருள் வேலை சென்னை, பெங்களூருக்கு மட்டுமே உரியது என்ற நிலை தளர்ந்துவருகிறது. மதுரை இலந்தைக்குளத்திலும் வடபழஞ்சியிலும் எல்காட்டின் தகவல் தொழில்நுட்பப் பூங்காக்கள் உள்ளன. எச்.சி.எல்., ஹனிவெல் போன்ற நிறுவனங்கள் மதுரையில் இயங்குகின்றன. தென்காசி அருகே மத்தளம்பாறையில் ஜோஹோ 2011இல் தொடங்கிய அலுவலகம் கிராமத்தில் இருந்தபடியே உலகச் சந்தைக்கு மென்பொருள் செய்ய முடியும் என்று காட்டியது. மேற்படிப்புக்குப் போகிறவர்களுக்கு கேட் தேர்வு ஐ.ஐ.டி.களின் வாசல். வெளிநாடு செல்ல நினைப்பவர்கள் தம் பிரிவுக்குத் தேசிய அங்கீகார வாரியத்தின் (என்.பி.ஏ.) அங்கீகாரம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இந்தியா 2014இல் வாஷிங்டன் உடன்படிக்கையின் நிரந்தர உறுப்பினர் ஆனபின், தகுந்த அங்கீகாரம் பெற்ற பொறியியல் படிப்பை மற்ற உறுப்பு நாடுகளும் இணையாக ஏற்கின்றன. இந்த அங்கீகாரம் நிறுவனம் முழுமைக்கும் கிடைப்பது அல்ல, பிரிவுவாரியாகக் கிடைப்பது.

தேர்வு செய்யும் முன்

சேர்க்கைக் காலத்தில் பெற்றோர் வளாகத்தைச் சுற்றிப் பார்க்கிறார்கள். ஹாஸ்டல் அறை, மெஸ், பேருந்து, குளிரூட்டிய ஆய்வகம் எல்லாம் கண்ணில் படுகின்றன. அவை வேண்டியவைதான். அவற்றோடு சில கேள்விகளையும் கேட்க வேண்டும். தனிநிலைக் கணிதத்தையும் படிநிரல் பாடத்தையும் யார் நடத்துகிறார்கள்? சென்ற ஆண்டு வினாத்தாளைக் காட்ட முடியுமா? அதில் மனப்பாடத்தால் எழுத முடியாத கேள்வி எத்தனை? மூன்றாம் ஆண்டு மாணவர்களில் எத்தனை பேர் ஏதேனும் ஆய்வுக் குழுவில் இருக்கிறார்கள்? இறுதியாண்டுப் புராஜெக்டை யார் மதிப்பிடுகிறார்கள்? ஆய்வகம் மாலையில் எத்தனை மணி வரை திறந்திருக்கும்? தேசிய ஆய்வு மையத்தின் கருத்தரங்குகளுக்கு பி.டெக். மாணவர் போய் உட்காரலாமா?

இவற்றுக்கு நேரான விடை சொல்லும் துறை எந்தக் கிளைப் பெயரை வைத்திருந்தாலும் நம்பிச் சேரலாம். விடை சொல்லத் தயங்கும் இடத்தில் ‘ஆராய்ச்சி’ என்பது பெயர்ப் பலகையோடு நின்றிருக்கிறது என்று கொள்ளலாம். தேசிய ஆய்வு மையமும் உலக ஆய்விதழும் மதுரையிலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் போய்ச் சேரக்கூடிய ஊருக்கு வந்திருப்பது சிறு சாதனை அல்ல. அந்த மையத்தின் கதவை இரண்டாம் ஆண்டு மாணவர் தட்டினாலும் திறக்கும்படி வைப்பது பல்கலைக்கழகத்தின் கடமை. தட்ட வேண்டும் என்று பிள்ளைக்குச் சொல்லி அனுப்புவது பெற்றோரின் கடமை.

(தொடரும்)